பேக்லிங்க் வேலைக்கு எந்த மென்பொருள்? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனில் ஆறு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி. அதை நடத்தும் அண்ணன் ஒருநாள் தன் வங்கிக் கணக்கைத் திறந்து என்னிடம் காட்டினார். பேக்லிங்க், அதாவது மற்ற தளங்கள் நம் தளத்துக்குத் தரும் லிங்க், அதை ஆராயும் வெளிநாட்டு மென்பொருள் ஒன்றுக்கு நான்கு மாதமாக டாலரில் பணம் போயிருந்தது. "இதை வெச்சு என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டேன். முதல் வாரம் திறந்து பார்த்ததோடு சரி. "இதுவரைக்கும் யார் யார்கிட்ட லிங்க் கேட்டிருக்கீங்க?" என்றேன். போனை எடுத்து வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். மதுரையில் பயணக் கட்டுரை எழுதும் ஒருவர், "அடுத்த வாரம் சேத்துடுறேன் சார்" என்று பதில் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்புறம் இவரும் கேட்கவில்லை, அவரும் சேர்க்கவில்லை.

அண்ணனுக்கு வேண்டியிருந்தது, யாரிடம் என்ன பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்று ஞாபகப்படுத்தும் ஏற்பாடு. அவர் வாங்கியதோ, உலகத்தில் உள்ள லிங்க்குகளை எண்ணிக் காட்டும் கருவி.

நண்டு வலையை ஏற்றிக்கொண்டு சாளை பிடிக்கப் போகிறவர் நம் கரையில் இல்லை. எந்த மீன் என்று முடிவு செய்த பிறகுதான் வலையின் கண்ணி அளவையே பேசுவார்கள். மென்பொருள் விஷயத்தில் மட்டும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகிறோம். மண்டபம், கீழக்கரை, சாயல்குடி, தொண்டி என்று இந்தப் பக்கத்துச் சிறு தொழில்களுக்கு இணைய வேலை செய்து கொடுத்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். உங்கள் வேலை எந்த இடத்தில் ஒழுகுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் மென்பொருள் வாங்குங்கள். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை இலவசமாகவே முடித்துக்கொள்ளலாம், எதற்குக் காசு கொடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: இந்த வகைப் பக்கம் போகவே வேண்டாம்

ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு லிங்க் கொடுத்தால் அதை ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் 1998-இல் கூகுள் தொடங்கியபோதே அதன் அடிப்படை. அதனால்தான் லிங்க்கை விலைக்கு விற்கும் சந்தையும் கூடவே வளர்ந்தது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளால் மேலே வந்த தளங்கள் அதில் கீழே போயின. 2016 செப்டம்பரில் அது கூகுளின் அடிப்படை அமைப்பிலேயே சேர்ந்து, எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் ஒன்றாகிவிட்டது.

ஆகவே, "ஒரே பொத்தானில் ஆயிரம் பேக்லிங்க்" என்று சொல்லும் எந்த மென்பொருளையும் இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. கீழக்கரையில் தொதல் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு கடைக்கு அப்படி ஒரு தொகுப்பு வாங்கியிருந்தார்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் இனிப்புக்கு, யாருக்கும் தெரியாத மொழிகளில் இருந்த சூதாட்டத் தளங்களிலிருந்தெல்லாம் லிங்க் வந்து நின்றது. அதனால் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. எந்த லிங்க் நாமே பெற்றது, எது விலைக்கு வந்தது என்று பிரித்தெடுக்கவே எனக்குப் பல நாட்கள் ஆயின.

பணம் கொடுத்தோ பொருள் கொடுத்தோ பெறும் லிங்க்குக்கு ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறிப்பு இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. இரண்டும் பக்கத்தின் நிரலில் லிங்க்கோடு சேர்த்து எழுதும் குறிப்புகள்: ஸ்பான்சர்டு என்றால் விலைக்கு வந்தது, நோஃபாலோ என்றால் இதைப் பரிந்துரையாக எடுக்காதே என்று பொருள். நோஃபாலோ 2005-இல் வந்தது. ஸ்பான்சர்டும், வாசகர்கள் எழுதும் கருத்துகளில் வரும் லிங்க்குக்கான யூஜிசி குறிப்பும் 2019-இல் சேர்ந்தன. இலவசமாக ஒருநாள் தங்கவைத்து எழுதச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். இந்தக் குறிப்புகளைத் தனித்தனியாகக் காட்டாத கருவியை லிங்க் நிர்வாகத்துக்கு எடுக்காதீர்கள்.

படி 1: ஒரு மாதம் வெறும் ஷீட்டில் ஓட்டுங்கள்

எந்த மென்பொருளும் வாங்காமல், கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளைத் திறந்து ஒரு மாதம் வேலை செய்யுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். எதை வாங்க வேண்டும் என்பதை இந்த ஒரு மாதம்தான் உங்களுக்குச் சொல்லும்.

ஒவ்வொரு வரியும் நீங்கள் லிங்க் எதிர்பார்க்கும் ஒரு பக்கம். தளத்தை எழுதாதீர்கள், குறிப்பிட்ட பக்கத்தை எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, அதை எழுதியவர் பெயர், தொடர்பு எண் அல்லது மின்னஞ்சல், அந்தப் பக்கத்துக்கு நம்மால் என்ன பயன், உங்கள் தளத்தில் எந்தப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்கிறீர்கள், கடைசியாகப் பேசிய தேதி, அடுத்து பேச வேண்டிய தேதி, இப்போதைய நிலை, லிங்க் வந்த தேதி, அதில் உள்ள நங்கூரச் சொல் (லிங்க் ஒட்டியிருக்கும், தட்டினால் திறக்கும் சொல்), நோஃபாலோவா இல்லையா. இவ்வளவு போதும். இதில் உயிரான கட்டம் "அடுத்து பேச வேண்டிய தேதி". அது காலியாக இருக்கும் வரி எல்லாம் செத்த வரிதான்.

இன்னொரு கட்டத்தையும் சேர்க்கச் சொல்வேன்: அவரை எப்படி அழைப்பது. கீழக்கரையில் வயதில் மூத்தவரைக் காக்கா என்பார்கள். கல்லூரியில் பாடம் எடுப்பவருக்கு ஐயா அல்லது சார். கருப்பட்டி பற்றி எழுதும் ஒரு பெண்மணியை ஒரு முறை அக்கா என்று பேசிவிட்டு, அடுத்த மின்னஞ்சலில் "அன்புடையீர்" என்று தொடங்கினால் இடையில் ஒரு சுவர் எழும்பிவிடும். வெளிநாட்டில் செய்த எந்த மென்பொருளிலும் இந்தக் கட்டம் தயாராக இருக்காது. அதனால், நாமே புதிய கட்டம் சேர்க்க முடியுமா என்பது பின்னால் கருவி தேர்ந்தெடுக்கும்போது பெரிய கேள்வியாகிவிடும்.

மாதக் கடைசியில் ஷீட்டை எதிரில் வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். மொத்த வரிகளே பத்துக்கும் குறைவு என்றால், யாரிடம் கேட்பது என்று தெரியாததுதான் உங்கள் குறை. வரிகள் நிறைய இருந்து தொடர்புக் கட்டம் காலியாகக் கிடந்தால் ஆளைக் கண்டுபிடிப்பதில் குறை. பேசியிருக்கிறோம், பதிலும் வந்திருக்கிறது, ஆனால் தொடரவில்லை என்றால் நினைவூட்டலில் குறை. லிங்க் வந்து, பிறகு பக்கத்தையே காணோம் என்றால் கண்காணிப்பில் குறை. இந்த நான்கு குறைக்கும் நான்கு வேறு மென்பொருள்கள். நான்கையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பவர்கள் உண்டு, ஆனால் அதற்கான விலையும் அப்படித்தான் இருக்கும்.

படி 2: உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை இலவசமாகப் பாருங்கள்

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்து உரிமையை உறுதி செய்யுங்கள். இடது பக்கத்தில் லிங்க்ஸ் என்ற பகுதி இருக்கும். யார் அதிகம் லிங்க் தருகிறார்கள், எந்தப் பக்கத்துக்குத் தருகிறார்கள், என்ன சொல்லில் தருகிறார்கள் என்று மூன்றும் அங்கே தெரியும். பதிவிறக்கிக்கொள்ளவும் முடியும். கூகுளே தருவதால் இதுதான் முதல் ஆதாரம். ஆனால் இதில் இரண்டு குறை உண்டு. அது ஒரு மாதிரிப் பட்டியல்தான், முழுக்கணக்கு இல்லை. எந்த லிங்க் நோஃபாலோ, எது இல்லை என்றும் அது சொல்லாது.

அடுத்து, மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி தரும் வெப்மாஸ்டர் டூல்ஸ். அங்கும் பேக்லிங்க் பட்டியல் இலவசம். மூன்றாவது, அஹ்ரெஃப்ஸ் நிறுவனம் தரும் வெப்மாஸ்டர் டூல்ஸ். உங்கள் சொந்தத் தளம் என்று உறுதி செய்தால் அதற்கு வரும் லிங்க்குகளைக் காசில்லாமல் பார்க்கலாம், நோஃபாலோ விவரத்தோடு. அடுத்தவர் தளத்தைப் பார்க்கத்தான் பணம்.

இந்த மூன்றையும் இறக்கி, ஒரே ஷீட்டில் போட்டு, இரண்டு முறை வந்ததை நீக்கிவிடுங்கள். இங்கே தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தொல்லை வரும். பக்கத்தின் முகவரி தமிழில் இருந்தால், ஏற்றுமதியில் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழ நீளத்துக்கு வரும். ஒரு கருவி தமிழ் எழுத்தாகவே தரும், இன்னொன்று குறிகளாகத் தரும். இரண்டும் ஒரே பக்கம் என்று ஷீட்டுக்குத் தெரியாது. ஏதாவது ஒரு வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள். இறக்கிய பட்டியல் வரும் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் நங்கூரச் சொற்கள் குப்பை எழுத்தாகத் தெரிவதும் வழக்கம். கோப்பு கெட்டுப்போகவில்லை. டேட்டா மெனு வழியாக உள்ளிழுத்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கூகுள் ஷீட்ஸில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

படி 3: யாரிடம் கேட்பது என்பதற்கு முதலில் தலையைப் பயன்படுத்துங்கள்

இந்தப் படிக்குத்தான் மக்கள் அதிகமாகக் காசு செலவழிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இங்கே காசைவிட ஊர் அறிவு பெரிது.

ஓர் உதாரணம். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அப்போது எழுதப்பட்ட பயணக் கட்டுரைகள் எல்லாம், "மண்டபம் வரை ரயிலில் வந்து, பிறகு பேருந்து பிடியுங்கள்" என்று சொல்லின. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகத் தொடங்கியது. ஆனால் பழைய கட்டுரைகளில் பல அப்படியேதான் நிற்கின்றன. பாம்பன் அண்ணனுக்கு நாங்கள் செய்தது: மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வர என்ன வழி, பாலத்தை எங்கிருந்து பார்க்கலாம், தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு எப்படிப் போவது என்று அவர் தளத்தில் ஒரு பக்கத்தைச் சரியாக எழுதினோம். பிறகு பழைய தகவல் உள்ள கட்டுரைகளைக் கூகுளில் தேடி, எழுதியவர்களுக்கு, "உங்கள் கட்டுரையில் இந்த வரி இப்போது பொருந்தாது, புதிய விவரம் இங்கே இருக்கிறது" என்று சொன்னோம். லிங்க் கேட்கவேயில்லை. வந்த லிங்க்குகளில் பெரும்பகுதி அந்தச் செய்திகளுக்குத்தான் வந்தது. இதற்குத் தேவைப்பட்ட மென்பொருள், மேற்கோள் குறிக்குள் சொற்றொடரைப் போட்டுத் தேடும் கூகுள் தேடல் மட்டும்.

இதே முறையில் ஒவ்வொரு தொழிலுக்கும் யோசிக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் எழுதிய சமையல் கட்டுரைகளில் அந்தத் தகவல் இருக்காது. மன்னார் வளைகுடா 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவை பார்ப்பவர்கள், கடல் பற்றி எழுதுபவர்கள் எல்லாருக்கும் அது ஒரு பேச்சு. காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் படகில் போய் வந்தவர்கள் எழுதிய பக்கங்கள், தொண்டிப் பக்கத்துத் தொழில்களுக்கு ஒரு நல்ல தொடக்கம்.

இந்தத் தேடலைத் தினமும் செய்ய முடியாது என்றால், ஒரு சொல் புதிய பக்கத்தில் வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் கூகுள் அலர்ட்ஸில் சொற்களைப் போட்டு வையுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்று நான்கு விதமாக எழுதுகிறோம். ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு என்றும் எழுதுகிறோம். உங்கள் கடைப் பெயருக்கும் இப்படி நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் கண்காணிப்புக் கருவி என்றால், ஒரே கணக்கில் எத்தனை சொற்கள் சேர்க்கலாம் என்று முதலில் பாருங்கள். ஐந்து சொல்தான் என்றால் ஆங்கிலத்தில் எழுதும் ஊருக்கு அது போதும், நமக்குப் போதாது. உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு லிங்க் தராமல் விட்ட பக்கங்கள் இதில்தான் சிக்கும். எல்லா லிங்க்குகளிலும் சுலபமாகக் கிடைப்பவை அவை, ஏனென்றால் அவர்களுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும்.

படி 4: பணம் கட்டும் பேக்லிங்க் கருவியைச் சோதிக்க ஒரு வழி

போட்டித் தளங்களுக்கு யார் லிங்க் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டிய கட்டம் வந்தால்தான் அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மெஜஸ்டிக், மோஸ் பக்கம் போக வேண்டும். நான்கும் தத்தம் சொந்த ரோபோக்களை அனுப்பி இணையத்தைப் படிக்கின்றன. அதனால் ஒரே தளத்துக்கு நான்கும் நான்கு எண்ணிக்கை சொல்லும். எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. உங்களுக்கு வேண்டிய தளங்களை எது படித்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் செய்வது: எனக்கு உறுதியாகத் தெரிந்த 20 லிங்க்குகளை ஷீட்டில் எழுதிக்கொள்வேன். அதில் பாதியாவது தமிழ்த் தளங்களாக இருக்க வேண்டும், நான்கைந்தாவது சின்ன ஊர்த் தளங்களாக இருக்க வேண்டும். சோதனைக் காலத்தில் ஒவ்வொரு கருவியிலும் தளத்தைப் போட்டு, அந்த 20-இல் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுவேன். பிறகு தமிழ் நங்கூரச் சொற்கள் ஒழுங்காகத் தெரிகின்றனவா, லிங்க் முதலில் பார்த்த தேதியும் காணாமல் போன தேதியும் இருக்கிறதா, எல்லாவற்றையும் இறக்க முடிகிறதா என்று பார்ப்பேன். கோடி கோடியாக லிங்க் வைத்திருக்கிறோம் என்ற விளம்பரத்தைவிட இந்த எண்ணிக்கைதான் என்னிடம் பேசும். என் வேலையில், பெரிய ஆங்கிலத் தளங்களில் எல்லாக் கருவிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். சின்னத் தமிழ்த் தளங்களில்தான் வித்தியாசம் வெளியே வரும்.

ஒரு தளம் எவ்வளவு வலுவானது என்று இந்தக் கருவிகள் போடும் மதிப்பெண்கள் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அஹ்ரெஃப்ஸில் டொமைன் ரேட்டிங், மோஸில் டொமைன் அத்தாரிட்டி, செம்ரஷில் அத்தாரிட்டி ஸ்கோர், மெஜஸ்டிக்கில் டிரஸ்ட் ஃப்ளோ. எல்லாமே 100-க்குள் வரும் எண்கள், எல்லாமே அந்தந்த நிறுவனம் தானே போட்ட கணக்கு. கூகுள், லிங்க்குகளை வைத்துத் தானே போடும் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-இல் நிறுத்திவிட்டது. அந்த நான்கு நிறுவனங்களின் எண்களில் எதையும் அது பயன்படுத்துவதில்லை. தளங்களை மேலோட்டமாக வரிசைப்படுத்த இவை உதவும். ஆனால் ஒரு கருவியில் 30, இன்னொன்றில் 18 என்று வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. கடல் பாசி பற்றி உண்மையாகவே ஆராய்ந்து எழுதும் ஒரு கல்லூரிப் பக்கத்துக்கு 12 மதிப்பெண்தான் இருக்கிறது என்று அதை ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதைப் படிக்கிறவர்கள் பாசித் தொழிலைத் தேடி வருகிறவர்கள்.

என் ஆலோசனை, இந்த வகைக் கருவிகளை வருடம் முழுக்க வைத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு மாதம் மட்டும் வாங்குங்கள். அந்த மாதத்தில் போட்டித் தளங்கள் அனைத்தின் லிங்க்குகளையும் இறக்கி, ஷீட்டில் சேர்த்து, கணக்கை நிறுத்திவிடுங்கள். அந்தப் பட்டியலை வேலை செய்து முடிக்கவே ஒரு சிறு தொழிலுக்கு அடுத்த ஆறு மாதம் ஆகும்.

படி 5: பேசுவதை நிர்வகிக்கும் கருவி

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அக்கறைப்படுவது இதில்தான், ஏனென்றால் இங்கேதான் நம்மில் பெரும்பாலோருக்கு ஒழுகுகிறது.

பஸ்ஸ்ட்ரீம், பிட்ச்பாக்ஸ், ரெஸ்போனா போன்றவை இதற்கென்றே செய்தவை. ஒரு தளத்தைச் சேர்த்தால் தொடர்பு விவரத்தைத் தேடும். அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், நிலை எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கும். பதில் வராவிட்டால் குறித்த நாளில் தானே மறுபடி எழுதும். ஹன்டர் என்பது ஒரு தளத்தோடு தொடர்புள்ள மின்னஞ்சல் முகவரிகளைத் தேடித் தருவது, மாதம் கொஞ்சம் தேடல் இலவசம். மாதம் நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசும் நிறுவனங்களுக்கு இவை அவசியம். பிட்ச்பாக்ஸ் அப்படிப்பட்டவர்களுக்கானது, தனி ஆளுக்கு அதன் விலை தாங்காது.

நம் பக்கத்துக்கு இவற்றைப் பொருத்தும்போது மூன்று இடத்தில் இடிக்கும்.

முதல் இடி, போன். இந்தக் கரையில் பேச்சு நடப்பது போனிலும் வாட்ஸ்அப்பிலும். மின்னஞ்சலை மட்டும் பதிவு செய்யும் கருவியில், "10 நிமிஷம் பேசினார், பெருநாள் முடிந்து சேர்ப்பதாகச் சொன்னார்" என்ற மிக முக்கியமான தகவலுக்கு இடமே இருக்காது. கையால் குறிப்பு எழுதவும், அந்தக் குறிப்புக்கு ஒரு நினைவூட்டல் தேதி போடவும் முடிகிறதா, அதையும் போனிலிருந்தே செய்ய முடிகிறதா என்று பாருங்கள். மேசையில் உட்கார்ந்தால்தான் ஓடும் கருவி, ஏர்வாடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது உங்களுக்கு உதவாது.

இரண்டாவது, தமிழ் இலக்கணம். இந்த மென்பொருள்களில் கடிதத்துக்கு நடுவில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறியை வைப்போம், அனுப்பும்போது அங்கே பெயர் வந்து உட்காரும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் அந்தக் குறிக்குப் பின்னால் "க்கு" என்று ஒட்டிவைத்தால், முருகன்க்கு, செந்தில்க்கு, பாத்திமாக்கு என்று போய்ச் சேரும். முருகனுக்கு, செந்திலுக்கு, பாத்திமாவுக்கு என்று எழுதும் அறிவு அதற்கு இல்லை. முதல் வரியைப் படித்ததுமே, இது மொத்தமாகப் பத்துப் பேருக்கு அடித்த கடிதம் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். நான் ஒரு முறை இப்படி அனுப்பியதில் ஒரு பதில்கூட வரவில்லை. அதிலிருந்து பெயரை எப்போதும் தனியாக நிற்கும்படி வைக்கிறேன்: "வணக்கம் முருகன் சார்," என்று தொடக்கத்தில் மட்டும். தளத்தின் பெயர், ஊரின் பெயர் எதற்கும் வேற்றுமை உருபு ஒட்டுவதில்லை. அழைக்கும் சொல்லுக்கு ஒரு தனிக் கட்டம் வைத்து, அதையும் குறியாகச் சேர்த்துவிடுகிறேன். சோதனைக் காலத்தில் உங்களுக்கே இரண்டு மூன்று பெயர்களில் அனுப்பிப் பாருங்கள், கருவியின் தரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மின்னஞ்சல் போய்ச் சேருவது. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. ஆனால் நம் வேலைக்கு அந்த எல்லையை நெருங்குவதே தவறு. சொந்த டொமைனிலிருந்து, அதாவது உங்கள் தளத்தின் பெயரில் உள்ள முகவரியிலிருந்து அனுப்பினால், கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டையும் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது, ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதமும் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது. நூறு கடிதத்தில் ஒருவர் புகார் சொன்னாலே நீங்கள் எல்லையைத் தாண்டியாயிற்று. தானே இரண்டு மூன்று முறை பின்தொடரும் வசதியை, முன்பின் தெரியாதவர்களுக்கு நான் போடுவதேயில்லை. நினைவூட்டல் எனக்கு வரட்டும், எழுதுவது நானாக இருக்கட்டும்.

மாதம் 30 பேருக்கும் குறைவாகப் பேசுகிறீர்கள் என்றால் தனிக் கருவி வேண்டாம். ஷீட்டில் "அடுத்து பேச வேண்டிய தேதி" இன்றைக்கு வந்தால் வரி மஞ்சளாக மாறும்படி செய்துகொள்ளுங்கள், கூடவே கூகுள் காலண்டரில் ஒரு குறிப்பு. பாம்பன் அண்ணன் இன்றுவரை இப்படித்தான் ஓட்டுகிறார். மதுரைக்காரருக்கு அந்த மஞ்சள் வரியைப் பார்த்துத்தான் மறுபடி போன் செய்தார், இரண்டு நாளில் லிங்க் வந்தது.

படி 6: வந்த லிங்க் இன்னும் இருக்கிறதா

தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்கள் காணாமல் போகும், லிங்க் இருந்த பத்தியை வெட்டிவிடுவார்கள், சத்தமில்லாமல் நோஃபாலோ ஆகியிருக்கும், அல்லது பக்கத்தையே கூகுளிலிருந்து மறைத்திருப்பார்கள். இந்த நான்கையும் கருவி தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பேசும் விதம் வேறு.

லிங்க்கோடி போன்ற கண்காணிப்புக் கருவிகள் இதற்கென்றே உள்ளன. ஐம்பது அறுபது லிங்க் வரை அவை தேவையில்லை. ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருள் 500 முகவரி வரை இலவசம். லிங்க் உள்ள பக்கங்களின் பட்டியலைக் கொடுத்தால் எது திறக்கிறது, எது இல்லை என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். கணினியில் நிறுவ வேண்டிய மென்பொருள் அது. திறக்கும் பக்கங்களை மாதம் ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

கெட்ட லிங்க்குகளை மறுக்கும் டிஸ்அவோ கருவி கூகுளிடம் 2012-இலிருந்து இருக்கிறது. உங்கள் தளம் விதியை மீறியது என்று கூகுளிடமிருந்து நேரடி நடவடிக்கைக் கடிதம் வந்தாலோ, நீங்களே காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால் அது வரும் என்று அஞ்சினாலோ தவிர அதைத் தொடாதீர்கள். சில கருவிகள் "நச்சு லிங்க்" என்று சிவப்பில் பயமுறுத்தும். அதை நம்பி நல்ல லிங்க்கையும் சேர்த்து மறுத்தவர்கள் உண்டு.

படி 7: பணம், பருவம்

அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்றவற்றில் முழு வசதி உள்ள திட்டங்கள் மாதம் 100 டாலருக்கு மேல் போகும். ஜிஎஸ்டி எண் இல்லாமல் வாங்கினால் அதன் மேல் 18 சதவீத வரியும் சேரலாம். அட்டையில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2022 முதல் 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். வருடச் சந்தா எடுக்கும்போது இது இடிக்கும். வெளிநாட்டுச் சந்தாக்கள் சில அட்டைகளில் நின்றே போகும், கணக்கு முடங்கும். அதனால் முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவிலேயே இருங்கள்.

சோதனைக் காலத்தை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருங்கும்போது விடுதிக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது தொடங்கும் 7 நாள் சோதனை திறக்காமலே முடியும். கருவாடு, மீன் தொடர்பான தொழில் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் கருவி பழக நல்ல நேரம். விடுதிக்காரர்கள் அமாவாசைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுத்தாளர்களிடம் பேசியிருக்க வேண்டும். தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் குளிர்காலத்தில் வரும் என்றால், பறவைக் கட்டுரை எழுதுபவர்களுக்கான நினைவூட்டல் மழைக்கு முன்பே இருக்க வேண்டும். ஆண்டுதோறும் திரும்ப வரும் நினைவூட்டல் வைக்க முடியாத கருவியை நான் எடுப்பதில்லை.

படி 8: வெளியே வரும் வழியை உள்ளே போகும்போதே பாருங்கள்

கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். வேலை செய்து தருபவருக்கு, நானாகவே இருந்தாலும், உள்ளே வரும் அனுமதி மட்டும் கொடுங்கள். சாயல்குடிப் பக்கம் பனைப் பொருள் விற்கும் ஒரு அக்கா, முன்பு வேலை செய்த ஒருவரிடம் கணக்கை விட்டுவிட்டு, அவர் விலகியதும் இரண்டு வருடத்துத் தொடர்புகளையும் இழந்தார். யார் யாரிடம் பேசினார் என்பதை மறுபடி போனிலிருந்தே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

சோதனையின் முதல் நாளே பத்து வரிகளைப் போட்டு, அதை அப்படியே இறக்கிப் பாருங்கள். தொடர்பு விவரம் மட்டும் வருகிறதா, பேச்சு வரலாறும் குறிப்புகளும் நீங்கள் சேர்த்த சொந்தக் கட்டங்களும் வருகின்றனவா? வரலாறு வெளியே வராது என்றால் அந்த மென்பொருளை அன்றைக்கே மூடிவிடலாம். வாங்கியிருந்தால், மாதம் ஒரு முறை முழுவதையும் இறக்கி, தேதி போட்டுச் சேமியுங்கள். சாயல்குடி அக்கா இப்போது மாதக் கடைசி நாளில் அதை இறக்கித் தன் மகளுடைய மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறார்.